கொத்து மாஸ்டருக்கு ஒரு சீஸ் வைத்தியம்

அடுப்பில் பால் பொங்கத் தயாராக இருக்கிறது. என் கையில் பாதியாக வெட்டிய எலுமிச்சை. அடுப்புக்கும் எனக்கும் நடுவில் அம்மா, கையில் தோசைக் கரண்டி.

"எலுமிச்சையக் கீழ வை."

"அம்மா, இது விஞ்ஞானம்."

"பாலத் திரிய விடுறதா விஞ்ஞானம்? அதுக்கா ஒன்னய அவ்வளவு தூரம் படிக்க வச்சோம்? தானாத் திரிஞ்சாலே நாள் பூரா எனக்கு மனசு சரியிருக்காது. நீ நல்ல பால வாங்கிட்டு வந்து வேணும்னே திரிக்கப் போற."

"திரிக்கல. பாற்கட்டி செய்யப் போறேன்."

"பேர மாத்துனா பாவம் போயிருமா?"

வாசல் பக்கம் பிளாஸ்டிக் கதிரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்காகத்தான் இந்தப் போர் நடந்தது. பொறுப்புள்ள குடும்பத் தலைவராக அவர் உடனே தலையிட்டார்: ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் பட்டமளிப்பு விழாவுக்கு வாடகைக்கு எடுத்த கோட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர் வழியில் என்னை நிறுத்தி, "தம்பி, அந்தப் படிப்பால வீட்டுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் படிப்பால் எங்கள் வீட்டுக்குள் சீஸ் நுழைந்தது. அந்தக் கதைதான் இது.

கல்லுக்கு முன்னால் ஒரு மனிதர்

அப்பா கொத்து மாஸ்டர். கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஹோட்டல். ஹோட்டல் என்றால் அறை, படுக்கை எல்லாம் கிடையாது. நான்கு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய வடை, வாசலில் ஒரு பெரிய இரும்புக் கல். அந்தக் கல்லின் முன்னால் இரண்டு தகடுகளோடு அப்பா நிற்பார். பராட்டாவைப் போட்டு, முட்டை உடைத்து, காய்கறி தள்ளி, தகடுகளால் கொத்தத் தொடங்கினால் பஸ் நிலையத்தில் நிற்பவனுக்கும் பசிக்கும்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கோதுமை மாவு ரொட்டி தின்று வளர்ந்தவர். டவுனுக்கு வந்து பராட்டா போட்டுச் சம்பாதித்தவர். அலுப்புத் தீரச் சீனி நிறையப் போட்ட பிளேன்டீ குடித்தவர். இப்படி மாவாலும் சீனியாலுமே கட்டிய ஒரு மனிதருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்ததில் என்ன அதிசயம் இருக்கிறது? வராதிருந்தால்தான் எழுத வேண்டும்.

சீனியோடு அவர் சமாதானமாகவே வாழ்ந்தார். பிரச்சினை கண்ணில் தொடங்கியது. இரண்டு கண்ணிலும் புரை. கல்லில் விழ வேண்டிய முட்டை ஒருநாள் கல்லின் ஓரத்தில் விழுந்தது. இன்னொரு நாள் தகடு விரலைத் தொட்டுவிட்டுப் போனது.

முதலாளி ரவூப் நானா நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் நேராகப் பேசமாட்டார்கள். அவர் மாத்தளையிலிருந்து ஒரு புது மாஸ்டரை வரவழைத்தார்.

"ஒத்தாசைக்குத்தான் மாஸ்டர்," என்றார். "ஒங்கட கண்ணு சரியாவுற மட்டும்."

"சரியாகலன்னா நானா?"

"அல்லாஹ் ஈக்கிறான்," என்றார் நானா. இதைவிடப் பயமுறுத்தும் பதிலை அப்பா அதுவரை கேட்டதில்லை.

கண் கிளினிக்கில் டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சீனி இறங்க வேண்டும். பிரஷரும் கட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகே ஆபரேஷன். ஆபரேஷன் இல்லாவிட்டால் கல் இல்லை. கல் இல்லாவிட்டால் அப்பா யார் என்று அப்பாவுக்கே தெரியாது.

புவியியலாளன் களமிறங்குகிறான்

நான் பேராதனையில் படித்தது புவியியல். மழை எந்தக் காற்றில் வரும், கரும்பு எந்த மண்ணில் விளையும் என்று கேட்டால் சொல்வேன். கரும்பு அப்பாவின் இரத்தத்துக்குள் போன பிறகு என்ன செய்யும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரை பார்த்த முதல் ஆள் நான். அந்தப் பதவிக்கு லீவு கிடையாது. கரண்ட் பில், கோயில் அழைப்பிதழ், பக்கத்து வீட்டு வேலித் தகராறு, மாமாவின் மாட்டுக்கு வந்த கழிச்சல், எல்லாம் என்னிடம்தான் வரும். "படிச்ச புள்ள, கேட்டுப் பாருங்க." நானும் தெரியாது என்று சொன்னதே இல்லை. இன்டர்நெட் இருக்கும்போது எதற்குச் சொல்ல வேண்டும்?

அங்கேதான், ஒரு வீடியோவில், அந்த வெள்ளைக்காரரைக் கண்டேன். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வயிறே இல்லை. கையில் பெரிய சீஸ் துண்டு. சோறு விஷம், பாண் விஷம், உருளைக்கிழங்கு விஷம் என்றார். இவ்வளவு விஷத்தையும் பரம்பரை பரம்பரையாகத் தின்ற நாங்கள் எப்படி இன்னும் நடமாடுகிறோம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சீஸ் நல்லது என்றார். அதிலும் தொழிற்சாலைச் சீஸ் கூடாதாம். அந்தந்த ஊரில், அந்தந்த ஊர் முறையில் செய்த பழைய சீஸ்தான் வேண்டுமாம்.

அந்தந்த ஊர்! என் காதில் தேன் பாய்ந்தது. இது வைத்தியமா? இது புவியியல்!

ஒரு வாரம் வாசித்தேன். அலுவலகத்தில் எழுதுவினைஞனாக உட்கார்ந்துகொண்டே வாசித்தேன். மலை நாட்டுச் சீஸ் ஏன் கடினமாக இருக்கிறது? பனிக்காலம் முழுக்க வைத்துத் தின்ன வேண்டும். வெயில் நாட்டுச் சீஸ் ஏன் உப்புத் தண்ணீரில் மிதக்கிறது? இல்லாவிட்டால் கெட்டுவிடும். பாலில் இருக்கும் சீனியில் பெரும்பகுதி, கட்டியாகும்போது வடியும் தண்ணீரோடு போய்விடுகிறது. மிச்சத்தைக் கிருமிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து தின்கின்றன. அதனால் கிழட்டுச் சீஸில் சீனி கிட்டத்தட்ட இல்லை. நம் கடைகளில் கொத்துக்கு மேல் போடும் மஞ்சள் சீஸ் அப்படியல்ல. அதில் பால்மா, மாப்பொருள் என்று ஏதேதோ சேர்ந்திருக்கும்.

இதை அப்பாவிடம் விளக்கினேன்.

"அப்ப நான் போடுற சீஸ் கொத்துல சீஸ் இல்லியா?"

"இருக்குப்பா. ஆனா வரலாறு இல்லாத சீஸ்."

"சனங்க வரலாறா கேக்குறாங்க? நூல் மாதிரி இழுபடணும். போட்டோ புடிக்கணும். அவ்வளவுதான்."

ஒரு விஷயத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். சோற்றைக் குறைக்கப் போகிறோம் என்று முதலில் கிளினிக்கில் சொன்னேன். டொக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் கல்லின் மேலேயே மயங்கி விழுந்திருப்பார் என்றார். வெள்ளைக்காரர் இதைச் சொல்ல மறந்திருந்தார். சீஸ் வாயில் இருந்ததால் இருக்கலாம்.

மலையேறாத சீஸ்

நம் பக்கத்தில் ஏன் சீஸ் இல்லை என்று எனக்கு அப்போது பெரிய கவலை வந்தது. போர்த்துக்கேயர் வந்தார்கள். கதிரை தந்தார்கள், அலுமாரி தந்தார்கள். சிங்களத்தில் சீஸுக்கு இருக்கும் கேஜு என்ற சொல்லும் அவர்கள் வழி வந்தது என்பார்கள். ஒல்லாந்தரோ சீஸில் பிறந்து சீஸில் வளர்ந்தவர்கள். கொழும்பில் பறங்கியர் வீட்டு நத்தார்ப் பண்டிகை மேசையில் சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸ் இன்றும் உட்கார்ந்திருக்குமாம்.

கண்டி மட்டும் தப்பிவிட்டது. எவனையும் மலையேற விடாமல் அடித்துத் துரத்திய ராச்சியம். பெருமைதான். ஆனால் அவனோடு சேர்த்துச் சீஸையும் துரத்திவிட்டார்கள். பிறகு ஆங்கிலேயன் ஏறினான். தேயிலை கொண்டுவந்தான், எங்களைக் கொண்டுவந்தான், எங்கள் தேத்தண்ணிக்குச் சீனி கொண்டுவந்தான். சீஸை மட்டும் பங்களாவுக்குள் வைத்துக்கொண்டான்.

இந்த ஆராய்ச்சி அப்பாவின் சீனியை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குளிர்பெட்டிக்குள் உலகப் படம்

டவுனில் ஒரு சுப்பர் மார்க்கெட் இருக்கிறது. உள்ளே போனால் நுவரெலியாக் குளிர். கண்ணாடிக்குப் பின்னால் சீஸ்கள், தத்தம் பிறந்த ஊரின் பெயரோடு. விலையை எழுதமாட்டேன். அம்மா பத்திரிகை வாசிப்பதில்லை. வாசிப்பவர்கள் அவளிடம் போய்ச் சொல்வார்கள்.

ஒவ்வொன்றிலும் ஆகச் சிறிய துண்டாக வாங்கினேன். அப்பா பாயில் உட்கார்ந்து தீர்ப்பு வழங்கினார்.

ஒல்லாந்துச் சீஸைக் கடித்தார். "மெழுகுவத்தி."

நீலப் பூஞ்சணம் ஓடிய பிரெஞ்சுச் சீஸை மோந்து பார்த்தார். தின்னவில்லை. "டேய், இது செத்துருச்சு."

"அது அப்படித்தான்பா. விசேஷமானது."

"செத்ததுல என்னடா விசேஷம்?"

இத்தாலியக் கிழட்டுச் சீஸோடு பற்களால் போராடிப் பார்த்தார். "இத வச்சி ஆணி அடிக்கலாம்."

கடைசியாக உப்புத் தண்ணீரில் மிதந்த வெள்ளை ஆட்டுப்பால் சீஸ். ஒரு துண்டு. இன்னொரு துண்டு. நாக்கைச் சப்புக்கொட்டினார். "இது சாப்பாடு. இத மொளகாயோட வதக்குனா இன்னும் நல்லாருக்கும்."

எனக்குக் கண் கலங்கியது. ஹேவாஹெட்டயில் பிறந்த நாக்கு கிரேக்கத்து ஆட்டை அடையாளம் கண்டுகொண்டது!

அடுத்த நாளே அப்பா ஹோட்டலில் தனக்கென்று ஒரு கொத்துப் போட்டார். முட்டை, லீக்ஸ், முட்டைக்கோவா, கொஞ்சம் கோழி, மேலே உதிர்த்த வெள்ளைச் சீஸ். பராட்டா இல்லை. ரவூப் நானா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர் இது, மாப்பிள்ள இல்லாத கலியாணம் மாதிரி ஈக்கிது?"

"மகன் சொன்னான் நானா. ரொட்டி போடக் கூடாதாம்."

நானா ஒரு வாய் தின்று பார்த்தார். இன்னொரு வாயும் தின்றார். மறுநாள் வாசல் பலகையில் சோக்கால் எழுதியிருந்தது: டயட் கொத்து. வியாபாரம் நன்றாகவே போனது. முதலாவது ஆள் வந்து சொன்னான்: "நானா, ஒரு டயட் கொத்து. கூட ரெண்டு பராட்டா தாங்க."

இறங்கியதும் ஏறியதும்

சீனி இறங்கியது. உண்மையாகவே இறங்கியது. பிளேன்டீயில் சீனி நின்றது, சோறு ஒரு கைப்பிடியானது, பராட்டாவை அப்பா போட்டாரே தவிரத் தின்னவில்லை. சீஸுக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதிக்குமேல், அவர் தின்னாமல் விட்ட பராட்டாவுக்குச் சேர வேண்டியது. ஆனால் அன்று அப்படியா நினைத்தேன்? கிளினிக்கின் நீள வாங்கில் நான் அந்த வெள்ளைக்காரரின் சொந்தத் தம்பி போல உட்கார்ந்திருந்தேன்.

டொக்டர் இரத்த அறிக்கையைப் பார்த்துச் சிரித்தார். நர்ஸ் மிஸ்ஸி அப்பாவின் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். மறுபடி அடித்தார். டொக்டரின் சிரிப்பு நின்றது.

"பிரஷர் கூடியிருக்கு ஐயா. புதுசா என்ன சாப்பிடுறீங்க?"

"சீஸ் சேர்," என்றார் அப்பா நெஞ்சை நிமிர்த்தி. "ஆட்டுப்பால் சீஸ். மகன் வாங்கித் தர்றான். காலையும் சாயந்தரமும்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அது உப்புத் தண்ணியில ஊறுறதுதானே?"

"ஆமா சேர்."

"ஒரு வாசலால சீனியை அனுப்பிட்டு மற்ற வாசலால உப்பைக் கூப்பிட்டிருக்கிறீங்க."

ஆபரேஷன் தள்ளிப்போனது.

பஸ் ஏறினோம். ஹோட்டல் வாசலில் இறங்கினோம். புது மாஸ்டர் கல்லின் முன்னால் நின்று கொத்திக்கொண்டிருந்தார். அப்பா கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பார்க்கவில்லை, கேட்டார்.

"நல்லாத்தான் போடுறான்," என்றார். "கொஞ்சம் அவசரப்படுறான். அவ்வளவுதான்."

அதன் பிறகு வெங்காயம் உரிக்கிற பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை.

மாடு கேட்டுவிடும்

உப்பில்லாத சீஸ் வேண்டும். கடையில் இல்லை. இருந்தாலும் நான் வாங்குவதற்கில்லை. நாமே செய்தால் என்ன? பால், எலுமிச்சை, துணி. வடநாட்டில் வீட்டுக்கு வீடு செய்கிறார்கள்.

ஹேவாஹெட்டயில் தாய்மாமன் இரண்டு மாடு வளர்க்கிறார். போன் போட்டேன்.

"பாலுதானே? பஸ்ல அனுப்பி விடுறேன் மருமகனே. என்னா விசேஷம், பாயாசமா?"

"இல்ல மாமா. எலுமிச்ச ஊத்தித் திரிச்சு..."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாமா?"

"மெதுவாப் பேசு," என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "மாடு ரெண்டும் பக்கத்துலதான் நிக்கிது."

"மாட்டுக்கு எப்படி மாமா வெளங்கும்?"

"ஒனக்கு வெளங்கல, அதுக்கு வெளங்கும். திரிக்கிறதுக்குன்னு பாலு குடுத்தா மடி வீங்கிரும். தெரிஞ்சே குடுக்க மாட்டேன். ஒண்ணு செய்யி. செவல சினையா இருக்கு. கண்ணு போட்டதும் கடும்பு அனுப்புறேன். அத வேணும்னா சீஸுன்னு சொல்லிச் சாப்பிடுங்க."

கடும்பு! எனக்குப் பொறி தட்டியது. கன்று போட்ட மாட்டின் முதல் பால். எலுமிச்சை வேண்டாம், உறை வேண்டாம். ஆவியில் வைத்தால் தானாகவே கட்டியாகி வெண்ணெய் போல வெட்டுப்படும். தோட்டத்து லயத்தில் ஒரு மாடு கன்று போட்டால் வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு போகும். பால்சீனியும் அதில் குறைவு என்று வாசித்தேன். உலகச் சீஸ் படத்தில் எங்கள் மலைக்கும் ஒரு புள்ளி வைக்கலாம் என்றால் அது இதற்குத்தான். இவ்வளவு காலமும் சீஸ் தின்றுகொண்டே சீஸ் இல்லை என்று அழுதிருக்கிறோம்.

இரண்டு சிக்கல். ஒன்று, அதில் சர்க்கரையை அள்ளிப் போடாமல் எங்கள் ஆட்கள் தின்னமாட்டார்கள். மற்றது, செவலைக்கு இன்னும் மாதமாகவில்லை. அப்பாவின் கண்ணை ஒரு மாட்டின் பிரசவத்துக்காகக் காத்திருக்க வைக்க முடியாது.

அதனால் கட்டுகஸ்தோட்டைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எலுமிச்சையை வெட்டினேன். அம்மா கரண்டியோடு வந்தாள்.

அடுப்படித் தீர்ப்பு

"பேர மாத்துனா பாவம் போயிருமா?" என்று அம்மா கேட்டதில் நிறுத்தியிருந்தேன்.

நான் புரதம் என்றேன். அமிலம் என்றேன். எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது என்றேன். அம்மா கேட்டுக்கொண்டே பாலை இறக்கி வைத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒந்தங்கச்சி போன அன்னைக்குக் காலையில பால் திரிஞ்சிச்சு."

எனக்குப் பிறகு ஒரு தங்கை பிறந்து, தங்கவில்லை. அவளைப் பற்றி அம்மா பேசுவதே இல்லை.

"அதனாலதான் அப்படி ஆச்சுன்னு நான் சொல்ல வரல," என்றாள். "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆனா ஒங்கப்பா கண்ணுல கத்தி வைக்கப் போறாங்க. அது முடியிற வரைக்கும் இந்த வீட்டு அடுப்புல பால் திரியக் கூடாது."

ரேடியோ நின்றது. "வேணாம்டா," என்றார் அப்பா.

எலுமிச்சையைக் கீழே வைத்தேன். புத்தகத்தில் இதற்குப் படம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, வேறு வழியில்லாமல் கேட்டேன்: "அம்மா, தயிருக்கு ஒறை ஊத்தலாமா?"

"தயிர் ஊத்துறதுக்கு என்னா? தெனமும் ஊத்துறதுதானே."

"அந்தத் தயிரத் துணியில கட்டித் தொங்க விட்டா?"

அம்மா யோசித்தாள். உயர் நீதிமன்றத்திலும் இவ்வளவு கவனமாகக் கேட்கமாட்டார்கள்.

"தண்ணி தானா வடியுமா, நீ புழியுவியா?"

"தானா வடியும்."

"அடுப்புல வைக்கணுமா?"

"அடுப்பே வேணாம்."

"அப்ப அது திரியிறதில்ல," என்று தீர்ப்பானது. "ஆனா ஒறை நாந்தான் ஊத்துவேன். நீ ஊத்துனா புளிச்சிரும்."

அப்படித்தான் எங்கள் வீட்டுச் சீஸ் பிறந்தது. இரவு முழுக்க வடிந்து, காலையில் துணியை அவிழ்த்தால் உள்ளே வெள்ளையாக, உருண்டையாக, உப்பில்லாமல் இருந்தது. வடிந்த தண்ணீரோடு சீனியில் ஒரு பங்கு போய்விடும். இத்தாலியக் கிழட்டுச் சீஸோடு போட்டிக்கு நிற்காது. ஆனால் பராட்டாவோடு ஒப்பிட்டால் ஒரு துறவி. பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், மிளகு போட்டுப் பிசைந்து அப்பா முட்டையோடு தின்றார். ருசிக்கு என்று அம்மாவே அதன் மேல் எலுமிச்சை பிழிந்தாள். நான் பார்த்த பார்வைக்கு, "கட்டியான பெறகு புழிஞ்சா குத்தமில்ல" என்று சட்டத்தில் ஒரு திருத்தமும் கொண்டுவந்தாள்.

ஒருநாள் மூட்டையை ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கம் தொங்கவிட்டுவிட்டேன். காலையில் கண்டிக் குரங்கொன்று அதைத் துணியோடு தூக்கிக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்து அவிழ்த்துத் தின்றது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. அந்தக் குரங்கின் வயிற்றைக் கவனித்தேன். வெள்ளைக்காரரின் வயிறு மாதிரியே இருந்தது.

பலகைக்கு முன்னால்

அடுத்த கிளினிக்கில் சீனியும் பிரஷரும் டொக்டர் சொன்ன இடத்தில் நின்றன. நாள் குறித்தார்கள். ஆபரேஷன் அன்று அம்மா கோயிலில் இருந்தாள், நான் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தேன். அப்பா ஒரு கண்ணில் கட்டோடு நடந்து வந்து, "ஒண்ணும் வலிக்கல. வெளக்குத்தான் கண்ண உறுத்துது" என்றார்.

பிறகு ஒருநாள் பார்வைப் பரிசோதனை. அப்பாவைக் கதிரையில் உட்காரவைத்து, ஆபரேஷன் செய்யாத கண்ணை மூடினார்கள். எதிரே வெளிச்சமான பலகை. மேலே பெரிய தமிழ் எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. சிங்கள மிஸ்ஸி கோலால் தட்டி, "ஐயா, வாசிங்க" என்றார்.

அப்பா பேசவில்லை.

"மேல இருக்கிறது. பெரிசு."

அப்பா பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கையும் முழங்காலைப் பிடித்திருந்தன. மிஸ்ஸி கோலை இறக்கிவிட்டு உள்ளே டொக்டர் இருக்கும் பக்கம் பார்த்தார். ஆகப் பெரிய எழுத்தே மங்கலாக இருந்தால் ஆபரேஷன் வீண் என்றுதானே அர்த்தம்? அவ்வளவு தயிர், அவ்வளவு பட்டினி. புது மாஸ்டர் இனி வெறும் ஒத்தாசைக்கு இல்லை, கல்லே அவருக்குத்தான்.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண் அந்த எழுத்தை நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயரைத்தான் அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது பேருக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மிஸ்ஸியின் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன்: "அப்பா பள்ளிக்கூடம் போனதில்ல, மிஸ்ஸி."

"ஐயோ, அதைச் சொல்லியிருக்கலாமே." பலகையைத் திருப்பினார். மறுபக்கத்தில் எழுத்துகள் இல்லை. மூன்று பல் உள்ள சீப்புப் போல ஒரே வடிவம். ஒன்று வலப்பக்கம் நீட்டியது, ஒன்று மேலே, ஒன்று கீழே. "பல் எந்தப் பக்கம் பார்க்குது? கையால காட்டுங்க."

அப்பா முழங்காலிலிருந்து வலது கையை எடுத்தார். வலம். மேலே. கீழே. இடம். அடுத்த வரி. பராட்டா புரட்டுகிற கை அது, அதற்குத் திசை புதிதா? வரி வரியாக இறங்க இறங்க வேகம் கூடியது. கடைசி வரிக்கு முந்திய வரியில், மிஸ்ஸியின் கோல் போய்ச் சேருமுன்பே கை திரும்பிவிட்டது. கடைசி வரியை, என் இரண்டு நல்ல கண்களாலும் நான் பார்க்கக் கஷ்டப்பட்ட வரியை, நிதானமாக ஒவ்வொன்றாகக் காட்டி முடித்தார்.

"ஹரி ஐயா. எல்லாம் சரி," என்றார் மிஸ்ஸி, சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.

அப்பா கதிரையை விட்டு எழவில்லை. "எல்லாம் சரின்னா என்னாடா அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார். "பாஸா?"

"பாஸ் அப்பா."

வெளியே வந்ததும் அம்மாவின் போன் வந்தது. நான் "ஹலோ" சொல்வதற்குள் அப்பா அதைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"நாந்தான். பரீட்ச வச்சாங்க. பாஸ் பண்ணிட்டேன்," என்றார். "சோறு ஆக்கி வையி."